கலிங்குக் கல்லின் மேல் நான்கு பொருள்

ரங்கநாயகி ஒரு காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால், அடுத்த ஐந்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கருத்தக்கண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? டவுன் பஸ்ஸில் ஒன்பது வருஷம் கண்டக்டராக இருந்து, பேசிய பேச்சுக்காகவே சீட்டுக் கிழிக்கப்பட்டவன் அவன். மூன்றாவது நிமிடத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா, தூங்குறதா இருந்தாச் சொல்லுங்க. நானும் ஒரு பக்கம் சாயுறேன்."

"செத்தவன் குளிக்க எறங்குனான்னு எழுதியிருக்காங்க கருத்தா," என்றாள் ரங்கநாயகி, கண்ணைத் திறக்காமலே. "சட்டை, பேண்ட், காலுறை எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு எவன் குளிப்பான்?"

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினைந்து வருஷம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கியவள் ரங்கநாயகி. ஒருத்தர் பொய் சொல்லும்போது மூச்சு எங்கே தட்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் கோரிப்பாளையத்தில் ரொட்டிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். கருத்தக்கண்ணன் அவளுக்கு உதவியாளன், காவலாள், டீ வாங்குகிறவன், சில நாளைக்குத் தலைவலி.

எதிரே பெஞ்சு காலியாக இருந்தும் தரையில் உட்கார்ந்திருந்தாள் முத்துத்தாய். அவள் புருஷன் நல்லகாமன் ஆறு நாளாக ரிமாண்டில் இருக்கிறான். கொலைக் கேஸ்.

கதை சுருக்கமானது. சமணர் மலைக்கு மேற்கே கூத்தனேந்தல் கண்மாய். அதன் கரையில் நான்கு ஏக்கர் வாங்கிய டவுன்காரர் பத்ரிநாத், ஊர் ஜனம் தண்ணீருக்குப் போகும் பாதையில் கம்பி வேலி இழுத்தார். நல்லகாமன் அதை வெட்டினான். பத்ரிநாத் அவனைப் பெண்டாட்டி கண் முன்னால் ஷூவைக் கழற்றி அடித்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, கண்மாய் நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிகிற கலிங்குக்குக் கீழே, குழியில் பத்ரிநாத் மிதந்தார். பின் மண்டையில் அடி. நல்லகாமன் அங்கேயிருந்து ஓடியதைப் பார்த்ததாக ஒரு சாட்சியும் உண்டு. போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"கலிங்குக் கல்லு மேல நாலு பொருள் இருந்திருக்கு," ரங்கநாயகி மகஜர் நகலைப் படித்தாள். "ஷூ ஒரு ஜோடி. இடுப்பு பெல்ட், சுருட்டி ஷூவுக்குள்ள வச்சிருக்கு. மணிபர்ஸ், பணத்தோட. வார் போட்ட கைக்கடிகாரம். உடம்புல இருந்தது தங்கச் செயின், மோதிரம், பேனா, மூக்குக்கண்ணாடி. கருத்தா, கல்லு மேல இருந்த நாலுக்கும் என்ன ஒத்துமை?"

"நாலுமே எங்கிட்ட இல்லாதது."

ரங்கநாயகி சிரிக்கவில்லை. முத்துத்தாய் மட்டும் தலை தூக்கி, "அவரு யாரையும் கொல்ல மாட்டாருண்ணே. கோவம் வந்தா வேலியத்தான் வெட்டுவாரு," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் மூச்சு எங்கேயும் தட்டவில்லை. ரங்கநாயகி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

பஸ்ஸில் கருத்தக்கண்ணன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரின் விசிலுக்குக் குறை சொல்லிக்கொண்டே வந்தான். இறங்கும்போதுதான் ரங்கநாயகி விடையைச் சொன்னாள்.

"நாலும் தோல்."

"இருக்கட்டும்க்கா. தோல் நனைஞ்சா கெட்டுப் போகும். பத்திரமாக் கழட்டி வச்சிருப்பான்."

"நனையப் பயந்தவன் கண்ணாடியக் கழட்ட மாட்டானா? சட்டையக் கழட்ட மாட்டானா? அவன் கழட்டல. வேற யாரோ கழட்டியிருக்காங்க. அதுவும் கொன்னதுக்கு அப்புறமா, இல்ல கொல்லும்போதேயா, அதுதான் தெரியல."

கருத்தக்கண்ணன் அதன் பிறகு அடுத்த மைல் கல் வரை பேசவில்லை. அவனைப் பொறுத்தவரை அது பெரிய விரதம்.

கண்மாய்க்கரையில் ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை. வாசலில் நீலப் பலகை: கூத்தனேந்தல் கண்மாய்க்கரை நில உரிமையாளர் சங்கம். அதன் கீழே பெரிய எழுத்தில், இந்தத் தண்ணீர் எல்லோருக்கும் பொது. அதற்கும் கீழே விதிகள். சோப்புப் போடக் கூடாது, மாடு கழுவக் கூடாது, தோல் பொருள் எதையும் நனைக்கக் கூடாது.

சங்கத் தலைவர் சின்னச்சாமி அறுபது தாண்டியவர். கரையைச் சுற்றி நிலம் வைத்திருக்கும் இருபத்தெட்டுப் பேரையும், தண்ணீரைக் கெடுக்க மாட்டோம், பாதையை மறிக்க மாட்டோம் என்று எட்டு வருஷமாகக் கட்டி வைத்திருக்கிறவர். நல்லகாமன் உள்ளே போனதிலிருந்து முத்துத்தாய் வீட்டுக்கு அரிசி போவதும் அவர் வீட்டிலிருந்துதான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"சாப்பிட்டியா தாயி? போ, பிள்ளைகளப் பாத்துட்டு வா. நான் பேசிக்கிருதேன்."

அவள் போனதும் பித்தளைச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். கருத்தக்கண்ணன் குடித்தான். அவன் ஆயுளில் அப்படி ஒரு தண்ணீர் குடித்ததில்லை. இந்தப் பெரிய மனிதருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. ஆனால் பலகை கண்ணில் பட்டுவிட்டது.

"ஐயா, தோல் நனையக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. மாடு தோலோடதானே தண்ணி குடிக்க வருது?"

பெரியவர் கோபிக்கவில்லை. "உசுரோட இருக்குற தோல் ஒண்ணும் செய்யாது தம்பி. பதம்போட்ட தோலுதான் விஷம். அந்தா தெரியுதே, இடிஞ்ச சுவரு, அது ஒரு காலத்துல தோல் ஷாப்பு, தோல் பதம்போடுற எடம். ஊறவச்ச தண்ணியக் கண்மாய்க்குள்ள விட்டாங்க. எம்மக சீனியம்மாள் ஒம்பது வயசுல இந்தத் தண்ணியத்தான் குடிச்சா. பதினோரு நாள் கெடந்தா. அதுக்கப்புறம் ஆறு வருசம் கோர்ட்டுக்கு நடந்து அத மூட வச்சேன்."

அவர் குரலில் ஒரு தட்டல்கூட இல்லை. ரங்கநாயகி அறையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பறிமுதல் செய்த சாமான்கள் ஒரு பலகையில் வரிசையாக இருந்தன. நாலைந்து ஜோடிச் செருப்பு, ஒரு மாட்டு வார், எவனோ காலேஜ் பையனின் பெல்ட், பெரிய தோல் குழாய் ஒன்று. ஒவ்வொன்றிலும் அட்டை கட்டிப் பெயர் எழுதியிருந்தது. வார் வைத்தது எல்லாம் அழகாகச் சுருட்டப்பட்டிருந்தது.

"இது என்ன குழாய்ங்க ஐயா?"

"கமலைத் தும்பி தாயி. கெணத்துல தண்ணி எறைக்குற சாலுக்கு அடியில கட்டுறது."

ரங்கநாயகி குனிந்து அட்டையைப் படித்தாள். நல்லகாமன். கலிங்குக் குழியில் ஊறப் போட்டது. இரண்டாம் எச்சரிக்கை.

"ரெண்டாவதா?"

"மூணு தடவ இருக்கும். ஊறப் போட்டாத்தான் தோல் இளகும்பான். எம்புட்டுச் சொன்னாலும் அவன் மண்டையில ஏறாது."

கருத்தக்கண்ணனுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. எந்தக் குழியில் பத்ரிநாத் மிதந்தாரோ, அதே குழியில் தோலை மூட்டையாக ஊறப் போடுகிறவன் நல்லகாமன். அவன் போய்ச் செத்தவன் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவிக் கல்லின் மேல் வைப்பானா? புருஷனைக் காப்பாற்ற முத்துத்தாய் ஒரு வாரமாகத் தேடிய சாட்சி, இங்கே அட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறது.

"அவன் ஓடுனதப் பாத்தது நீங்கதானே ஐயா?" என்றாள் ரங்கநாயகி.

"பாத்ததச் சொல்லித்தானே தாயி ஆகணும்?"

இந்த முறை ரங்கநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நொடிதான். பிறகு, "படித்துறையப் பாக்கலாமா?" என்றாள்.

கண்மாய் நிரம்பித் தளும்பியது. மார்கழிக் காற்று தண்ணீரைத் தடவிக்கொண்டு போனது. படித்துறைக்கு மேலேயே மூவரும் செருப்பைக் கழற்றினார்கள். ரங்கநாயகி கடைசிப் படிக்கு முந்திய படியில் உட்கார்ந்தாள். பெரியவர் பக்கத்தில் நின்றார். முத்துத்தாய் குடத்தோடு மேல் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, சங்கத்துல பத்ரிநாத் மெம்பரா?"

"நெலம் வாங்குனா மெம்பர்தான். விதின்னா விதி."

"அப்ப அவரும் கையெழுத்துப் போட்டிருக்கார். தண்ணியக் கெடுக்க மாட்டேன்னு."

"போட்டான்," என்றார் பெரியவர். அந்த ஒரு சொல்லில்தான் முதன்முதலாக அவர் மூச்சு தட்டியது.

ரங்கநாயகி முந்தானையைச் சரி செய்வதுபோல் தோளை அசைத்தாள். அவளுடைய தோல் கைப்பை நழுவித் தண்ணீரில் விழுந்தது.

கருத்தக்கண்ணன் குனிவதற்குள் பெரியவர் குதித்துவிட்டார். அறுபத்து மூன்று வயது மனிதர், வேட்டியோடு, இடுப்பளவு தண்ணீரில். பையைப் பறித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் எட்டாத கல்லாகப் பார்த்து அதை வைத்தார். பையின் வாரை விரலில் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. சுருட்டியதைப் பையின் வாய்க்குள் செருகினார். பிறகு கையை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பத்ரிநாத்தோட பெல்ட்டும் இப்பிடித்தான் சுருட்டி ஷூவுக்குள்ள வச்சிருந்துச்சு," என்றாள் ரங்கநாயகி. "மகஜர்ல ஒரு வரி. எழுதுன ஏட்டுக்கு அது என்னன்னு தெரியல. உங்க ரூம் மூலையப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

கருத்தக்கண்ணன் பெரியவரின் முகத்தைப் பார்த்தான். மறுப்பார் என்று எதிர்பார்த்தான். மறுக்க வேண்டும் என்று விரும்பவும் செய்தான், அது அவனுக்கே வெட்கமாக இருந்தது. பெரியவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே படியில் உட்கார்ந்தார்.

"வேலி போட்டதுக்குக் கோர்ட்டு இருக்கு தாயி. அதுக்காகக் கையை ஓங்குற ஆளு நான் இல்ல. அன்னைக்குக் காலையில கலிங்குல நின்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான், அந்தத் தோல் ஷாப்ப வாங்கியாச்சு, தை மாசம் தொறக்குறோம்னு. மடைய அடைக்குற கட்டை கையில இருந்துச்சு. ஒரு அடிதான்."

"ஒரே அடியில செத்துட்டாரா?"

"இல்ல." அவர் கொஞ்சம் யோசித்தார், கணக்குப் பார்ப்பவர்போல. "மூச்சு இருந்துச்சு. ஷூவக் கழட்டும்போது காலை இழுத்தான். கடிகாரத்தக் கழட்டும்போது ஏதோ கேட்டான். எனக்கு வெளங்கல. எல்லாத்தையும் கழட்டுன பெறகுதான் குழிக்குள்ள உருட்டுனேன்."

கருத்தக்கண்ணன் ஒரு படி விலகி நின்றான். "மனுசனத் தண்ணியில உருட்ட மனசு வந்துச்சு. பெல்ட்ட நனைக்க வரலையா?"

"மனுசன் மக்கிப் போவான் தம்பி. இல்லாட்டி மீன் தின்னுரும். பதம்போட்ட தோல் எதுக்கும் ஆகாது. அந்தக் குழித் தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போகுது, அங்கயும் பிள்ளைக குடிக்குது." இதை அவர் பொறுமையாக, புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"நல்லகாமன் உங்களுக்கு என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. நல்ல பய. ஆனா அவனுக்குன்னு கேக்க நாதி இல்ல, அதான் அவனச் சொன்னேன்."

மேல் படியில் குடம் கல்லில் இடித்த சத்தம் கேட்டது. முத்துத்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆறு நாளாக அவர் அனுப்பிய அரிசியைப் பொங்கித் தின்றவள் அவள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கருத்தக்கண்ணன் நினைத்தான். அவள் குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

பெரியவர் அவள் பக்கம் திரும்பவில்லை. ரங்கநாயகியிடமே பேசினார். "நான் தப்பிக்கப் பாக்கல தாயி. இன்னைக்குத் திங்கள். வர்ற வெள்ளிக்கிழமை அதிகாரி வாராரு. இந்தப் பாதை, படித்துறை எல்லாம் ஊர்ப் பொதுன்னு இருபத்தெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். போட்டுட்டா அதுக்கப்புறம் எந்தக் கொம்பனும் வேலி போட முடியாது. நான் எதுக்க நின்னாத்தான் போடுவாய்ங்க. எனக்குப் பின்னால ஒருத்தனும் போட மாட்டான். அவனவன் வேலி போடக் கல்லுக்காலு ஏத்தி வச்சுக்கிட்டுக் காத்திருக்காய்ங்க. நாலு நாள் கொடுங்க. சனிக்கிழமை நானே ஸ்டேசனுக்குப் போறேன்."

"நாலு நாள் நல்லகாமன் உள்ள இருக்கணும்."

"நானூறு குடும்பத்துக்குத் தண்ணி தாயி. ஒருத்தன் நாலு நாள் இருக்கக் கூடாதா?"

கருத்தக்கண்ணன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. துப்புக் கிடைத்துவிட்டால் உற்சாகமாகிவிடும் பெண்பிள்ளை, இப்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை இவர் போவார் என்பது உண்மை. அது அவர் குரலிலேயே இருந்தது. கையெழுத்து விழும் என்பதும் உண்மை. அதனால்தான் இது இத்தனை கஷ்டமாக இருந்தது. கடைசியில் அவள் எழுந்து நான்கு படி ஏறிப் போனாள்.

"முத்துத்தாய், கேட்டேல்ல? முடிவு சொல்ல வேண்டியது நான் இல்ல."

முத்துத்தாய் கேட்டாள், "நாலு நாள்ல அவர என்ன செய்வாக?"

பொய் சொல்லியிருக்கலாம். கருத்தக்கண்ணனாக இருந்தால் நூறு பொய் சொல்லியிருப்பான். ரங்கநாயகி சொல்லவில்லை. "மறுபடியும் போலீஸ் காவல் கேட்டிருக்காங்க. நாளைக்குக் கொடுத்துருவாங்க. ஒத்துக்கிட்டுக் கைநாட்டு வைக்கிற வரைக்கும் அடிப்பாங்க."

"போன தடவ அடிச்சதுலயே வலது கை மடங்க மாட்டேங்குதும்மா. சோத்த எடதுகையில எடுத்துத் திங்குறாரு."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். எட்டு வருஷமாகக் காலையும் மாலையும் அவள் மொண்டு குடித்த தண்ணீர். அவள் பிள்ளைகள் வளர்ந்த தண்ணீர்.

"நீ குடிக்கிற தண்ணி தாயி இது," என்றார் சின்னச்சாமி கீழே இருந்து. அவர் குரல் முதல்முறையாகக் கெஞ்சியது. "உம்பிள்ளைக குடிக்கிற தண்ணி."

முத்துத்தாய் குடத்தைக் கல்லின் மேல் வைத்தாள். கருத்தக்கண்ணன் பக்கம் திரும்பினாள்.

"டவுனுக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்குண்ணே?"

பெரியவர் சண்டை போடவில்லை. வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். சங்க அறையைப் பூட்டி, அந்த வழியே வந்த இரண்டு மெம்பர்களிடம் சாவியைக் கொடுத்தார். எங்கே போகிறார் என்று அவர்கள் கேட்டபோது, "போலீஸ் ஸ்டேசனுக்கு. பத்ரிநாத்த அடிச்சது நான்," என்று அவரே சொல்லிவிட்டார். அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவசரமாகப் போனான்.

ஊர்ப் பாதை மெயின் ரோட்டில் சேரும் கூத்தனேந்தல் விலக்கில் பஸ்ஸுக்கு ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தார்கள். படித்துறைக்குப் போகும் பெண்கள் அந்த வழியாகப் போனார்கள். சேதி அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. ஒருத்தி நின்று முத்துத்தாயை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். முத்துத்தாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருத்தக்கண்ணன் அந்தப் பெண்ணுக்குச் சுடச்சுட ஏதாவது சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் குடத்தோடு போய்விட்டாள்.

பஸ்ஸுக்கு முன்னால் லாரிதான் வந்தது. கீழக்குயில்குடிப் பக்கமிருந்து வந்து, விலக்கில் நின்றது. பின்னால் கல்லுக்கால்கள் அடுக்கியிருந்தன. அதற்கு மேல் முள்கம்பிச் சுருள். டிரைவர் தலையை நீட்டினான்.

"அண்ணே, கூத்தனேந்தல் கண்மாய்க் கரைக்கு எப்பிடிப் போகணும்?"

மதுரையில் எந்தச் சந்துக்கு எந்தப் பஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவன் கருத்தக்கண்ணன். ஒன்பது வருஷம் அதுதான் அவன் சோறு. இப்போது வாயைத் திறக்கவே முடியவில்லை. ரங்கநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னச்சாமிதான் எழுந்து லாரிக்குப் பக்கத்தில் போனார்.

"நேராப் போயி எடது கைப் பக்கம் திரும்பு. பலகை ஒண்ணு நிக்கும், அதத் தாண்டிரு. கலிங்குப் பக்கம் வண்டிய ஏத்திராத தம்பி, பாரம் தாங்காது, கரை ஒடஞ்சிரும்."

"சரிங்கையா," என்று டிரைவர் கும்பிட்டுவிட்டுக் கியரைப் போட்டான். லாரி திரும்பி மண் பாதையில் இறங்கியது. பெரியவர் அது கண்ணுக்கு மறைகிற வரை கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். முத்துத்தாயும் பார்த்தாள்.

பஸ் வந்தது. முதலில் ஏறியது முத்துத்தாய்தான். ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் யாரும் உட்காராதபடி முந்தானையை விரித்து வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது புருஷனுக்கு இடம் பிடிப்பதாக நினைப்பு போல. கருத்தக்கண்ணன் நான்கு டிக்கெட் கேட்டான். கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு விசில் ஊதினார். அந்த விசிலைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.